எண்ணெயோடு போனது

2007ஆம் ஆண்டு நடந்தது இது. இலங்கையில் யுத்தம் இன்னும் முடியாத காலம். ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். நான் இன்றும் அங்கேதான் இருக்கிறேன். தோட்டத்து பெக்டரியில் பால் உறைய வைப்பது என் வேலை. மாட்டுப் பால் என்று நினைத்துவிடாதீர்கள், ரப்பர் பால். மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், வாளியில் கொண்டுவரும் பாலைத் தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றி, அசிட் விட்டுக் கட்டியாக்க வேண்டும். தூரத்து மலையிலிருந்து வரும் பால் வழியிலேயே கட்டிப்போகாமல் இருக்க, வாளியில் கொஞ்சம் அமோனியா விடுவார்கள். அந்த அமோனியா கூடிப்போனால் போச்சு. அப்புறம் பெக்டரியில் அசிட்டை எவ்வளவு ஊற்றினாலும் பால் லேசில் உறையாது. நான் வாளி கொண்டு வந்தவரைத் திட்டிக்கொண்டு மத்தியானம் வரை நிற்க வேண்டியதுதான். என்னடா இவன் கதை சொல்ல வந்து வேலைப் பாட்டைப் பாடுகிறான் என்று நினைக்காதீர்கள். இது பின்னால் தேவைப்படும்.

என் மனைவியும் மரம் வெட்டியவள்தான். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் அவளுடைய இதயத்து வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. மகள் பிறந்து சில வருடம் கழித்துத்தான் அது எங்களுக்குத் தெரிய வந்தது. கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, கெட்டதை எடுத்துவிட்டு உலோகத்தில் செய்த வால்வு ஒன்றை வைத்தார்கள். அது வேலை செய்கிற சத்தம் வெளியில் கேட்கும். வீட்டில் ரேடியோ ஓடாத நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கைக்கடிகாரம் மாதிரி கேட்கும். உனக்குக் கடிகாரம் வாங்குகிற செலவு எனக்கு மிச்சம் என்று கேலி செய்வேன். அவள் விடுவாளா? "ஒங்களுக்கும் நல்லதுதானே, நான் எங்க இருக்கேன்னு கத்திக் கத்தித் தேட வேணாம்" என்பாள்.

வால்வு வைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரை குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உலோகத்தில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். மாத்திரை குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அதனால் மாதா மாதம் கொழும்பு கிளினிக்குக்குப் போய் ரத்தத்தைச் சோதித்து, அதற்கேற்ப மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பார்கள். கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், ஒரே அளவில் சாப்பிடு என்றும் சொல்லியிருந்தார்கள். என் மனைவி ஒன்றைச் சொன்னால் ஒன்பதாகச் செய்கிறவள். எதற்கு வம்பு என்று கீரையை அடியோடு நிறுத்திவிட்டாள். நானும் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

ஒரு தடவை கிளினிக்குக்குப் போகிற வழியில் செக்பொயின்டில் எல்லாரையும் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். பெண்களைச் சோதிக்கிற இளம் பொலிஸ் நோனா இவள் மேல் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். டிக் டிக் என்று சத்தம். தமிழ்ப் பொம்பளை, உடம்புக்குள் கடிகாரச் சத்தம், அதுவும் அந்தக் காலத்தில்! குண்டென்று பயந்து அவள் பின்வாங்கிக் கத்த, துப்பாக்கியோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன். என் மனைவி சத்தமே போடாமல் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி ஒபரேஷன் தழும்பைக் காட்டினாள், கிளினிக் கார்டையும் நீட்டினாள். அந்தப் பொலிஸ் நோனா கிட்டே வந்து காதை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கண் கலங்கி, தன் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு இவளை உட்கார வைத்தாள். தோட்டத்துக்குத் திரும்பியதும் என் மனைவி இதை வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் கொழும்பு போகும் வரை அவள் என் கையை விடவே இல்லை. அதற்குப் பிறகு கிளினிக் நாள் என்றாலே அவளுக்கு முகம் செத்துப்போகும்.

ஒபரேஷனுக்குப் பிறகு மரம் வெட்டப் போகக்கூடாது என்றார்கள். வீட்டில் உட்கார உட்கார உடம்பு வைத்தது. ஒரு நாள் கிளினிக் டொக்டர், எடை கூடிவிட்டது, இதயத்துக்குப் பாரம், குறைக்கப் பார் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அதே நினைப்பாகக் கிடந்தாள். சோற்றைக் குறைத்தாள், வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்துக்கு முன்னால் நடந்தாள், மேட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். "வால்வு கெட்டுப் போயிருமோங்க? புள்ள ஒரு வேலைக்குப் போறத பாத்துட்டா போதுங்க" என்று சொல்லி அழுதாள். பைத்தியமா உனக்கு என்று திட்டினேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பயம் வந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

அந்த நேரத்தில்தான் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த என் தங்கச்சி லீவில் வந்தாள். என் மனைவிக்கும் அவளுக்கும் அப்படி ஒரு ஒட்டு. ஒபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஆள் தேடியபோது முதலில் கையை நீட்டியவள் அவள்தான். பெட்டியைத் திறந்ததும் சவர்க்காரம், பால்மா, போர்வை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நீல நிறக் கெப்சூல்கள், அட்டை அட்டையாக. "அண்ணி, இது ஒங்களுக்குன்னே மேடத்துக்கிட்ட கேட்டு வாங்கினது. மேடம் எம்புட்டு குண்டா இருந்தா தெரியுமா? இப்ப பாக்கணும்" என்றாள்.

அதோடு வந்த தாளில் அரபியும் இங்கிலீஷும்தான் இருந்தன. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் குவைத் வீட்டு மேடம் எப்படிக் குடித்தாள் என்று தங்கச்சி பார்த்ததுதான் எங்களுக்குச் சட்டம். மேடம் சாப்பாட்டோடுதான் கெப்சூலை விழுங்குவாளாம். இறைச்சி, நெய்ச்சோறு என்று கொழுப்புச் சாப்பாடு இருந்தால் விழுங்குவாளாம். வெறும் ரொட்டியும் பழமும் சாப்பிடுகிற நேரம் அதைத் தொடமாட்டாளாம். தங்கச்சி வருடக் கணக்காகப் பரிமாறிப் பார்த்த விஷயம், பொய்யில்லை. அதிலிருந்து நாங்கள் மூன்று பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த மருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் எண்ணெய் வேண்டும்.

முதல் வாரமே பலன் தெரிந்தது. வெளிக்குப் போனால் செம்மஞ்சள் நிறத்தில் எண்ணெய் எண்ணெயாக மிதக்கிறது என்று என் மனைவி வெட்கமும் சந்தோஷமுமாக வந்து சொன்னாள். எங்கள் பக்கம் வருடத்துக்கொரு முறை பேதி மருந்து குடிக்கிற பழக்கம் அப்போதும் இருந்தது. எவ்வளவுக்குப் போகிறதோ அவ்வளவுக்கு உடம்பு சுத்தம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அந்தக் கணக்கில் பார்த்தால் இது கொழுப்புக்குக் கொடுத்த பேதி. வயிற்றிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு உருகி எண்ணெயாக வருகிறது என்று நம்பினோம். நல்லெண்ணெய் மாதிரி கண்ணுக்கு முன்னால் மிதக்கும்போது நம்பாமல் என்ன செய்வது?

கக்கூஸ் லயத்துக்குப் பொது. யாரடா இதில் பாம் எண்ணெய் ஊற்றுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட, நாங்கள் வீட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். உடுப்பில் கறை படும். விடியக் காலையிலேயே தண்ணீர்ப் பீலிக்குப் போய் யாரும் வருவதற்குள் துவைத்துவிட்டு வருவாள். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. எண்ணெய் நிறைய வருகிற நாளில், இன்றைக்கு நன்றாக இழுத்திருக்கிறது என்பாள். குறைந்த நாளில் மருந்துக்கு எண்ணெய் போதவில்லை என்பாள். நானும் பின்னேரம் கடைத்தெருவுக்கு இறங்கினால் பருப்பு வடை வாங்காமல் ஏறமாட்டேன். கருவாடு பொரித்தாள், பப்படம் பொரித்தாள். உடம்பும் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. சட்டை லூசாகிவிட்டது என்று கையைத் தூக்கிக் காட்டினாள். தங்கச்சி திரும்பிப் போகிற அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். "அடுத்த வாட்டி வரும்போது அண்ணிய அடையாளமே தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் வேனில் ஏறினாள்.

அந்த மாதக் கிளினிக்குக்கு இரண்டு நாளைக்கு முன்னால் கொழும்பில் எங்கேயோ குண்டு வெடித்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். செக்பொயின்டில் இன்னும் கடுமையாக இருப்பார்கள் என்று பேச்சு. என் மனைவி போக மறுத்துவிட்டாள். "மாத்திரைதான் இன்னும் இருக்குதேங்க, அடுத்த மாசம் போவோம்" என்றாள். பஸ்ஸில் அவள் என் கையை விடாமல் பிடித்திருந்தது எனக்கு நினைவிருந்தது. கட்டாயப்படுத்த மனம் வரவில்லை.

பிறகு பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று சொல்லித் தெம்பிலி இளநீர் வெட்டிக் கொடுத்தேன். கையிலும் தொடையிலும் எங்கேயோ இடித்துக்கொண்டது மாதிரி நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. எங்கே விழுந்தாய் என்று கேட்டேன். விழவே இல்லை என்றாள். மருந்து கொழுப்பைப் பிடித்து இழுக்கிற இடமாக இருக்கும் என்று அவளே ஒரு விளக்கமும் சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை காலை. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் பாதியில் நின்றது. தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது என்றாள், எழுந்தாள், வாந்தி எடுத்தாள். சுவரைப் பிடிக்கப் போன வலது கை சுவரில் நிற்காமல் வழுக்கியது. மகள் போட்ட சத்தம் பெக்டரி வரைக்கும் கேட்டது. கையில் அசிட் வாடையோடு ஓடி வந்தேன். தோட்டத்து லொறியில் மெத்தையைப் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்புக்கு. அன்றைக்கு செக்பொயின்டில் எங்களை யாரும் நிறுத்தவில்லை. கையைக் காட்டி விட்டுவிட்டார்கள். அடிப்பாவி, இன்றைக்கு யாரும் உன்னைச் சோதிக்கவில்லை பார் என்று அவள் காதில் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இவளுடைய ரத்தம் உறையவே இல்லை, சோதனையில் இருக்க வேண்டிய அளவைவிட எவ்வளவோ ஏறிக் கிடக்கிறது, மாத்திரையைக் கூட்டிக் குடித்தாளா என்று வார்ட் டொக்டர் நோனா சிங்களத்தில் கேட்டார். இல்லை, கிளினிக்கில் எழுதிக் கொடுத்த அளவுதான் என்றேன். வேறு மருந்து? இல்லை என்றேன். மருந்தென்றால் கிளினிக்கில் தருவது என்றுதான் என் மனதில். எதற்கும் அவள் பையைக் கொண்டு வா என்றார். மகள் வைத்திருந்த பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்தேன். சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், மாத்திரை, அதோடு அந்த நீல அட்டை.

டொக்டர் அதைத்தான் எடுத்தார். "மே மொனவத?" இது என்ன என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடி வைத்துவிட்டு வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

இந்தக் கெப்சூல் உடம்பில் இருக்கிற கொழுப்பை உருக்குவதில்லை. அது குடலைத் தாண்டி எங்கேயும் போவதே இல்லை என்று சொல்லலாம். நாம் சாப்பிடுகிற எண்ணெயை உடைத்து உடம்பில் சேர்க்க, குடலில் ஒரு நீர் சுரக்கிறது. கெப்சூல் அந்த நீரின் கையைக் கட்டிப்போடும். அதனால் சாப்பிட்ட எண்ணெயில் ஒரு பங்கு உடையாமல், சேராமல், அப்படியே வெளியே வந்துவிடும். கொழுப்பில்லாத சாப்பாட்டுக்குக் கெப்சூல் வேண்டாம் என்பது அதனால்தான், தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

"அப்ப அந்த மெதந்த எண்ணெ?" என்று கேட்டேன்.

அது அவள் உடம்புக் கொழுப்பில்லை, அவள் சாப்பிட்ட எண்ணெய் என்றார்.

அதாவது என்னுடைய வடை. தினமும் சுடச்சுட, ஆறிவிடப் போகிறதென்று ஓட்டமும் நடையுமாக மலை ஏறிக் கொண்டுவந்த வடை.

கதை அதோடு முடியவில்லை. சில உயிர்ச்சத்துகள் எண்ணெயின் முதுகில் ஏறித்தான் உடம்புக்குள் போகும் என்றார். எண்ணெய் வெளியே போனால் அவையும் சேர்ந்து போய்விடும். அதில் ஒன்றுதான் ரத்தம் உறைவதற்கு வேண்டியது. கீரையில்தான் அது அதிகம். கீரையை இவள் ஏற்கெனவே விட்டிருந்தாள். மிச்சம் மீதி இருந்ததும் எண்ணெயோடு போய்விட்டது. கிளினிக் மாத்திரையோ ரத்தத்தை உறையவிடாமல் வைக்கிற மாத்திரை. எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லாத இடத்தில், அதே அளவு மாத்திரை பல மடங்கு வேலை செய்திருக்கிறது.

"வாளியில அமோனியா கூடிப்போச்சு" என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். அவருக்கு விளங்கவில்லை. பெக்டரி விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னேன். மாத்திரை அமோனியா, அந்தச் சத்து அசிட், நாங்கள் அசிட்டைக் கொட்டிவிட்டோம், அப்படித்தானே நோனா? ஆமாம், அப்படித்தான் என்றார் அவர்.

கெப்சூல் நஞ்சில்லை என்றும் சொன்னார். டொக்டர் பார்த்துக் கொடுத்தால் எத்தனையோ பேருக்கு உதவுகிற மருந்துதான். ஆனால் இந்த மாத்திரை, வலிப்பு மாத்திரை, தைரொயிட் மாத்திரை என்று வேறு ஏதாவது குடிக்கிறவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தடுத்திருப்பார்கள். அந்த மாதம் ரத்தம் சோதித்திருந்தால் கூடத் தெரிந்திருக்கும். அவர் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

ரத்தத்தை உறைய வைக்க ஊசி போட்டார்கள், பிளாஸ்மா ஏற்றினார்கள். அதற்குள் தலைக்குள்ளே நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் என் மனைவி போய்விட்டாள். பக்கத்தில் நானும் மகளும் இருந்தோம். எந்த வால்வு கெட்டுப்போகும் என்று பயந்து இவ்வளவும் செய்தாளோ, அந்த வால்வு கடைசி வரை ஒரு பிசகில்லாமல் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு நின்ற பிறகுதான் அந்தச் சத்தமும் நின்றது. மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "கேக்கலப்பா" என்றாள்.

தங்கச்சியைச் சாவுக்கு அனுப்ப அந்தக் குவைத் வீட்டில் மறுத்துவிட்டார்கள். டெலிபோனில் கதறினாள். "அண்ணிக்கு என்னால ஒன்னுமே செய்ய முடியாம போச்சே அண்ணே" என்றாள். கெப்சூல் பேச்சை எடுக்காமல், அழாதே என்று மட்டும் சொன்னேன். கடல் தாண்டி, யாரோ வீட்டுக் குசினியில் தனியாக நிற்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? மகளும் சொல்லவில்லை. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை, இரண்டு பேரும் அப்படியே மூடிவிட்டோம்.

இரண்டு வருடம் கழித்து, யுத்தம் முடிந்த வருடக் கடைசியில் தங்கச்சி வந்தாள். அண்ணியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுது ஓய்ந்த பிறகு பெட்டியைத் திறந்தாள். சவர்க்காரம், பால்மா, போர்வை, அடியில் அதே பொட்டலம். இந்த முறை இன்னும் பெரியது. லயத்தில் நாலைந்து பெண்கள் சொல்லி அனுப்பியிருந்தார்களாம், வரும் வழியிலேயே இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாளாம். அதில் ஒருத்தி வலிப்புக்கு மாத்திரை குடிக்கிறவள்.

மகள் என்னைப் பார்த்தாள். இனி மூட முடியாது. தங்கச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து, டொக்டர் நோனா எனக்குச் சொன்ன மாதிரியே மெதுவாகச் சொன்னேன். வடையையும் சொன்னேன், கீரையையும் சொன்னேன், போகாத கிளினிக்கையும் சொன்னேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் அவள் பங்கு சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கெப்சூல் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணிக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது" என்றேன். "நீ நல்லது செஞ்சேன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டா."

அதைக் கேட்டதும்தான் உடைந்தாள். அவ்வளவு அழுகையை நான் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கொடுத்த இரண்டு வீட்டுக்கும் அவளே போய்த் திரும்ப வாங்கி வந்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாளே, குவைத் போனதும் புத்தி மாறிவிட்டது என்று ஒருத்தி வாசலில் நின்று ஏசினாள். தங்கச்சி ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாங்கி வந்தாள்.

அவள் ஆசையாகக் கொடுத்தது, இவள் நம்பிக் குடித்தது, நான் ஓடி ஓடி வடை வாங்கி வந்தது எல்லாமே என் மனைவி இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்றுதான். அதனால்தான் இன்றும் எங்கள் லயத்தில் எந்த வீட்டில் வெளிநாட்டுப் பெட்டி திறந்தாலும், அழையா விருந்தாளியாகப் போய் வாசலில் நின்று, வீட்டில் யார் யார் என்ன மாத்திரை குடிக்கிறீர்கள் என்று கேட்டு எல்லாரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.